உக்கிராணச் சாவி: சபையில் புதிதாகப் பொறுப்பேற்கிறவருக்கு

வருஷக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீருக்கு எழுந்திருக்கும் நேரம். ஒரு பெரியவர் உங்களை ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, மூப்பர் பட்டியல்ல உன் பேரையும் போட்டிருக்கோம், மாட்டேன்னு சொல்லிடாதே" என்று சொல்லியிருப்பார். ரங்கூனில் நம் தமிழ்க் கிறிஸ்தவ சபைகளில் பொறுப்பு பெரும்பாலும் இப்படித்தான் கைக்கு வருகிறது. பயிற்சி வகுப்பெல்லாம் கிடையாது. ஒரு பழைய கணக்கு நோட்டு, ஒரு சாவிக்கொத்து, தலையில் கைவைத்து ஒரு ஜெபம். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். மூப்பர் என்று எழுதினாலும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், பெண்கள் ஐக்கிய சங்கச் செயலர், வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர் என்று யாருக்கும் இது பொருந்தும்.

தொடங்குமுன் ஒரு வசனம். 1 கொரிந்தியர் 4:2. உக்கிராணக்காரன் உண்மையுள்ளவன் என்று காணப்படுவது அவனுக்கு அவசியம் என்கிறார் பவுல். உக்கிராணம் என்ற சொல் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. கலியாண வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பூட்டி வைத்திருக்கும் அறைதான் உக்கிராணம். சாவி ஒருவர் இடுப்பில் இருக்கும். அரிசி அவருடையது இல்லை, விருந்தும் அவருடையது இல்லை. கேட்கும்போது அளந்து கொடுக்க வேண்டும், கொடுத்ததைச் சொல்லத் தெரிய வேண்டும், சாவியைத் திரும்பக் கேட்டால் முகம் சுளிக்காமல் அவிழ்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த வசனத்தில் நான் பல வருஷம் கவனிக்காமல் விட்ட சொல் "காணப்படுவது". மனசுக்குள் உண்மையாக இருந்தால் போதும், கர்த்தர் பார்க்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் பார்க்கும்படியும் அது இருக்க வேண்டும் என்பதை அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதை பணத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வரும்.

முதல் படி: ஒரு வாரம் கேளுங்கள்

கூப்பிட்ட உடனே சரி என்று சொல்லாதீர்கள், முடியாது என்றும் சொல்லாதீர்கள். ஒரு வாரம் அவகாசம் வாங்குங்கள். அந்த வாரத்தில் மூன்று பேரிடம் பேச வேண்டும்.

முதலில் உங்கள் வீட்டுக்காரம்மாவிடம், அல்லது வீட்டுக்காரரிடம். "நான் இதுக்குத் தகுதியா?" என்று கேட்காதீர்கள், பாசத்தில் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "என் கோபம் இப்ப எப்படி இருக்கு? வாரத்துல ரெண்டு சாயங்காலம் நான் வீட்டுல இல்லைன்னா உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள். அப்புறம், சபையில் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம். அவர் சொல்வதில் பாதியாவது சரியாக இருக்கும்.

மூன்றாவது ஆள் சபைக்கு வெளியே இருக்க வேண்டும். 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தில் கண்காணிக்கு வேண்டிய குணங்களை எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய பதினைந்து வரும். அவற்றில் மேடைத் திறமை என்று சொல்லத்தக்கது போதகசமர்த்தன் என்ற ஒன்றுதான். மற்றதெல்லாம் குடிக்காமல் இருப்பது, சண்டை போடாமல் இருப்பது, பண ஆசை இல்லாமல் இருப்பது, வீட்டுக்கு வருகிறவரை உபசரிப்பது. பட்டியலின் கடைசியில் இன்னொன்று இருக்கிறது: புறம்பானவர்களிடம் நற்சாட்சி. நம் ஊரில் புறம்பானவர்கள் யார்? அடுத்த வீட்டு பர்மாக்கார அம்மா, எதிர்த்த டீக்கடைக்காரர், கோயிலுக்குப் போகிற நம் சொந்தக்காரர்கள். உங்களுக்குக் கடன் கொடுத்துத் திரும்ப வாங்கிய ஒருவரிடம் பேசிப் பார்த்தால் உங்களைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். கடையில் பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டிவிடுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைக் கேட்காத தெருவும் திங்கட்கிழமை பாக்கியைப் பேசும்.

ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகாதவர் என்றால், தயவுசெய்து "இப்போது வேண்டாம்" என்று சொல்லுங்கள். நூதன சீஷன் கூடாது என்பதற்குப் பவுல் சொல்லும் காரணம் பெருமை. புதுசாக வந்தவரின் உற்சாகத்தைப் பார்த்து உடனே பதவி கொடுப்பது நம் சபைகளின் பழக்கம். இரண்டு வருஷத்தில் அவரும் இருக்க மாட்டார், உற்சாகமும் இருக்காது.

இரண்டாவது படி: மூன்று மாதம் எதையும் மாற்றாதீர்கள்

புதிதாக வந்த எல்லோருக்கும் கை அரிக்கும். ஆராதனை நேரத்தை மாற்றலாம், கீர்த்தனையைக் குறைத்து கிடார் வைக்கலாம், பெஞ்சை நகர்த்தலாம். செய்யாதீர்கள். மூன்று மாதம் உட்கார்ந்து பாருங்கள். யார் முதலில் வந்து கதவு திறக்கிறார், யார் யாருடன் பேசுவதில்லை, எந்தப் பாட்டி எந்தத் தூண் பக்கம் உட்காருகிறார், ஏன்.

இந்தச் சபை உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1964-இல் கடைகள் தேசியமயமானபோது ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறிச் சென்னைக்குப் போனார்கள். இரண்டே வருஷத்தில், 1966-இல், வெளிநாட்டு மிஷனரிகளும் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. யோசித்துப் பாருங்கள். சபையில் பாதிப் பேர் இல்லை, ஐயரும், அதாவது போதகரும், இல்லை, வெளியிலிருந்து வந்த பணமும் இல்லை. அப்போது விளக்கு அணையாமல் வைத்திருந்தவர்கள் குமாஸ்தாக்கள், தையல்காரர்கள், பள்ளிக்கூட டீச்சரம்மாக்கள். எங்கள் சபையின் பழைய நோட்டுகளில் அவர்கள் கையெழுத்து இருக்கிறது: இன்று வந்தவர்கள் இத்தனை பேர், காணிக்கை இவ்வளவு, மெழுகுவர்த்திக்குச் செலவு இவ்வளவு. பெரிய பிரசங்கிகள் யாரும் இல்லை. புதிய மூப்பர் யார் வந்தாலும் முதலில் அந்த நோட்டுகளைப் படிக்கச் சொல்வேன்.

மொழித் தகராறு ஒன்று உங்களுக்குக் காத்திருக்கிறது. பாட்டிமார் தமிழ் வேதாகமம் வாசிப்பார்கள். பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும், பள்ளிக்கூடத்தில் படித்தது பர்மிய எழுத்து. அவர்களுக்கு அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயா மொழிபெயர்த்த பர்மிய வேதாகமம்தான் கை வசம். தமிழ் போய்விடும் என்று ஒரு பக்கம் அழுகை, ஒன்றும் புரியவில்லை என்று மறுபக்கம் கொட்டாவி. நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மறுபக்கம் வருத்தப்படும்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் இதற்கு உதவும். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்குச் சாப்பாடு சரியாக வரவில்லை என்று முறுமுறுப்பு. சபை ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது. அந்த ஏழு பேரின் பெயரையும் வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர்... எல்லாம் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே உக்கிராணச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். நாங்களும் அதைச் செய்து பார்த்தோம். பர்மிய மொழியில் வேண்டும் என்று சண்டை போட்ட இரண்டு பிள்ளைகளையே, பாட்டிமாருக்கு வாரம் ஒருமுறை தமிழ்ச் சங்கீதம் வாசித்துக்காட்டும் வேலையில் போட்டோம். வாசிக்கத் தெரியாதே என்றார்கள். பாட்டிகள் எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன், சத்தம் குறைந்தது.

மூன்றாவது படி: வீடு வீடாகப் போங்கள்

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். பெயர்கள், வேலை, உடம்பு முடியாதவர்கள், இறந்தவர்களின் நினைவு நாள், கடைசியாக நீங்கள் போன தேதி. போன தேதிதான் முக்கியம். ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் உங்கள் வண்டவாளம் தெரியும்: நல்ல டீ கிடைக்கிற வீட்டுக்கு ஐந்து தடவை, நாலு மாடி ஏற வேண்டிய வீட்டுக்கு ஒரு தடவைகூட இல்லை. எனக்கு அப்படித்தான் இருந்தது. ரங்கூன் நகர்ப்புற வீடுகளில் மின்தூக்கி இல்லாத படிக்கட்டு எப்படி இருக்கும் என்று தெரியுமே. மேல்மாடியில் இருக்கிற வயதானவர்கள் கீழே இறங்கவே மாட்டார்கள். அவர்கள்தான் முதலில்.

தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். தனியாக ஒரு பெண் இருக்கும் வீட்டுக்கு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும், இதில் விதிவிலக்கே வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள், இல்லாத வீட்டில் உங்களுக்காக முட்டை வாங்க ஓடுவார்கள். ஆஸ்பத்திரி என்றால் பத்து நிமிஷம் போதும். ஒரு சங்கீதம், சின்ன ஜெபம், கூட இருப்பவருக்கு ஏதாவது சாப்பிடக் கொண்டுபோங்கள். நோயாளியைப் பார்க்க எல்லோரும் ஆரஞ்சு வாங்கி வருகிறார்கள், மூன்று நாளாக நாற்காலியில் தூங்குகிற மகளுக்கு யாரும் மொஹிங்கா, அதாவது மீன்குழம்பு நூடுல்ஸ், வாங்கி வருவதில்லை. ஏன் வியாதி வந்தது என்று காரணம் கண்டுபிடிக்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள்.

போய்ப் போய் என்ன பலன் என்று ஒரு நாள் சோர்வு வரும். ஜட்சன் 1813-இல் ரங்கூன் வந்து இறங்கினார். முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1819-இல். நடுவில் ஆறு வருஷம். அந்த 1819-ஆம் வருஷம்தான், பகோடாவுக்குப் போகிற பாதையோரம் ஒரு சயாட், அதாவது வழிப்போக்கர் தங்கும் சாவடி, கட்டி அதில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களோடு பேசத் தொடங்கினார். இந்த ஊர் மக்கள் பழகிய இடத்தில், பழகிய விதத்தில் உட்கார்ந்தார். நம் காலத்துச் சயாட் டீக்கடைதான் என்பது என் அபிப்பிராயம். சபை ஆபீஸ் அறையில் மேஜைக்குப் பின்னால் உட்காருவதைவிட, சின்ன பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் மூன்று பேர் தானாக வந்து பேசுவார்கள்.

நான்காவது படி: பணம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சபைகள் உபதேச வித்தியாசத்தால் உடைந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை, கணக்கால் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் கதை இது. பொறுப்புக்கு வந்து நாலைந்து வருஷம் இருக்கும். ஒரு ராத்திரி சபைக் குடும்பம் ஒன்றில் ஒரு பிள்ளைக்கு அவசர ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்ட வேண்டும். கட்டிட நிதி என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். பிள்ளை பிழைத்தது. மூன்று வாரத்தில் என் சொந்தப் பணத்தைப் போட்டு நிதியை நிரப்பினேன். ஒரு பைசா குறையவில்லை. ஆனால் நோட்டில் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கு மானக்கேடு வேண்டாம் என்று நினைத்தேன். இடையில் ஒரு நாள் தகரம் வாங்கப் பணம் கேட்டார்கள், "அடுத்த வாரம் தரேன்" என்று சமாளித்தேன். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. இரண்டு வருஷம் முதுகுக்குப் பின்னால் பேச்சு. ஒரு குடும்பம் சபையை விட்டே போனது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. பின்னால் யோசித்தால் தப்பு என்னுடையதுதான். உண்மையாக இருந்தேன், அப்படிக் காணப்படவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. காணிக்கையை இரண்டு பேர் எண்ண வேண்டும், அவர்கள் உறவுக்காரர்களாக இருக்கக் கூடாது. எண்ணிய அறையை விட்டு வெளியே வருமுன் நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பென்சில் கூடாது. எழுத்து தவறினால் ஒரு கோடு அடித்து மேலே எழுதிச் சின்னக் கையெழுத்து, அழிப்பானும் வெள்ளை மையும் அறைக்குள்ளேயே வரக் கூடாது. மாதக் கடைசியில் வரவு செலவை ஒரு தாளில் எழுதி வாசல் பக்கம் ஒட்ட வேண்டும். உதவி பெற்றவர் பெயர் வேண்டாம், "மருத்துவ உதவி, ஒரு குடும்பம்" என்று போட்டால் போதும். அவசரத்துக்கு எடுக்க வேண்டுமானால் இன்னொரு மூப்பருக்குப் போன் செய்து சொல்லிவிட்டு எடுக்கலாம், ராத்திரி இரண்டு மணியானாலும் சரி.

பணத்தை வீட்டில் குவித்து வைக்காதீர்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் தாள்கள் ஒரே நாளில் செல்லாமல் போனதை வயதானவர்கள் இன்னும் மறக்கவில்லை. மாற்றிக் கொடுக்கவும் இல்லை. என் தகப்பனார் அன்று அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது என் கண்ணில் இருக்கிறது. சேர்ந்த பணத்தைத் தகரமாகவோ பெஞ்சாகவோ ஜெனரேட்டருக்கு டீசலாகவோ ஆக்கிவிடுவது நல்லது.

இப்போது கைபேசியிலேயே காணிக்கை வருகிறது, கேபிஇசட் பே, வேவ் என்று. வசதிதான். ஆனால் அது உங்கள் சொந்த எண்ணுக்கு வரக் கூடாது. வேறு வழியில்லாமல் வந்தால், அதே நாளில் ரசீதுப் படத்தை மூப்பர்கள் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் சபைக்கென்று கொடுத்தனுப்பும் பணமும் அப்படித்தான். உங்கள் மூலமாக வந்தது என்பதால் அது உங்கள் செல்வாக்கு ஆகிவிடாது.

இதெல்லாம் அவநம்பிக்கை, ஆவிக்குரிய சபையில் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாக எடுத்துப் போகவில்லை. தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் சேர்த்து அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கவேண்டும் என்று காரணமும் சொல்கிறார். பவுலுக்கே இரண்டாவது ஆள் தேவைப்பட்டது. சாமுவேல் தீர்க்கதரிசி கிழவரானபின் ஜனங்களைக் கூட்டி நிறுத்தி, "யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், சொல்லுங்கள்" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கூசாமல் கேட்க முடிந்தது அவருடைய மொத்த ஊழியத்துக்கும் சான்றிதழ்.

பொருள் பங்கிடும் நேரம் பணத்தைவிடக் கஷ்டம். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபின் அரிசி மூட்டையும் தகரமும் வந்தன. பட்டியல் போட உட்கார்ந்தோம். அப்போது ஒரு அக்கா சொன்னது இன்றும் எங்களுக்குச் சட்டம்: பட்டியல் போடுகிறவர்களின் வீட்டுப் பெயர் கடைசியில் இருக்கட்டும், கடைசி வரும்போது அரிசி இல்லாவிட்டால் இல்லை. என் கூரையிலும் ஓட்டை இருந்தது, வீட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் சபைக்கு வராத பர்மாக்கார வீடுகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. நெகேமியா அதிபதியாக இருந்த பன்னிரண்டு வருஷமும் அதிபதிக்குரிய படியை வாங்கிச் சாப்பிடவில்லை என்று 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த அக்கா அதை வாசித்திருந்தாரா என்று நான் கேட்டதில்லை.

ஐந்தாவது படி: வாய்க்கும் ஒரு பூட்டு

மக்கள் உங்களிடம் சொல்வதும் உக்கிராணத்தில் வைத்த பொருள்தான். எடுத்துப் பரிமாற உங்களுக்கு உரிமை இல்லை. நம் சபைகளில் வதந்தி ஜெபக்குறிப்பு என்ற வேஷத்தில்தான் உலாவும். "பேர் சொல்ல வேண்டாம், ஒரு சகோதரிக்காக ஜெபியுங்க, வீட்டுக்காரர் குடிச்சிட்டு..." என்று தொடங்கினால், முப்பது வீடு உள்ள சபையில் பேர் எதற்கு? சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் எதையும் ஜெபக்கூட்டத்தில் சொல்லாதீர்கள். மனைவியிடமும் சொல்லாதீர்கள். அவர் கேட்டால், "அது என்னோடது இல்லை" என்று சொல்லுங்கள், இரண்டு நாள் கோபித்துக்கொள்வார்.

ஒரே ஒரு விஷயத்தில் பூட்டுப் போடக் கூடாது. ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று தெரிந்தால், சபையின் பெயர் கெடும் என்று மூடி மறைக்காதீர்கள். "மன்னிச்சு விட்டுடும்மா" என்று சமாதானம் பண்ணி அதே வீட்டுக்குள் திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் அவர்களைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள், நம்பிக்கையான பெண்கள் இரண்டு பேரைத் துணைக்குச் சேருங்கள், தீங்கு செய்தவர் மூப்பராகவே இருந்தாலும் பிள்ளைகள் பக்கம் வரவிடாதீர்கள். எசேக்கியேல் 34-இல் கர்த்தர் மேய்ப்பர்களைக் கடிந்துகொள்வது ஆடுகளை விட்டுவிட்டுத் தங்களையே மேய்த்ததற்காக.

பிரசங்கம் பற்றிக் கொஞ்சம்

ஐயர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைப் பேசச் சொல்வார்கள். இருபது நிமிஷம் போதும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் நீளமான பிரசங்கம் டீசல் செலவு. வேறொருவர் யூடியூபில் பேசியதை உங்களுக்குத் தரிசனம் கிடைத்ததுபோலச் சொல்லாதீர்கள், பிள்ளைகள் அதை முன்னமே பார்த்திருப்பார்கள். போன வாரம் சண்டை போட்ட குடும்பத்தைக் குத்திக்காட்ட மேடையைப் பயன்படுத்தாதீர்கள், பதில் சொல்ல அவர்களுக்கு மைக் கிடையாது.

ஆறாவது படி: உங்களைத் திருத்த ஒருவர்

உங்களிடம் "இது தப்பு" என்று சொல்லக்கூடிய ஆள் யார்? பெயர் உடனே வரவில்லை என்றால், அந்த ஆளைத் தேடுவதுதான் இந்த மாத வேலை. மாதம் ஒருமுறை அவரோடு டீ குடியுங்கள். அவர் உங்களைவிடச் சின்னவராக இருந்தாலும் சரி.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். கலாத்தியர் 2. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் கலியாணப் பேச்சுகள் ஞாபகம் வரும். எல்லோரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்று காலையில் மேடையில் சொல்லிவிட்டு, சாயங்காலம் சம்பந்தம் பேசும்போது "தாத்தா எந்த ஊர்ப் பக்கம், என்ன ஆட்கள்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிற மூப்பர்கள் உண்டு. பர்மாவுக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது, பெட்டியில் அது மட்டும் பத்திரமாக வந்துவிட்டது. என் மகன் கலியாணத்தில் நானே ஒரு தடவை வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த சயாமா, அதாவது டீச்சரம்மா, ஒருவர் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வியை முழுங்கிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கொள்வதும் ஒருவகைப் பெருமைதான். மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாக நியாயம் விசாரித்ததைப் பார்த்து, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று சொன்னவர் மாமனார் எத்திரோ. வெளியூர்க்காரர், மீதியானின் ஆசாரியன். மோசே அவர் சொன்னதைக் கேட்டார். வாரத்தில் ஒரு சாயங்காலம் போனை அணைத்துவிட்டு வீட்டில் இருங்கள். அவசரம் என்றால் இன்னொரு மூப்பரைக் கூப்பிடுவார்கள்.

ஏழாவது படி: சாவியைக் கொடுப்பது

பொறுப்பு வாங்கிய அன்றே, யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்று பார்க்கத் தொடங்குங்கள். மூன்றாம் யோவானில் தியோத்திரேப்பு என்று ஒருவர் வருகிறார். முதன்மையாயிருக்க விரும்பினார், வருகிறவர்களை ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொள்கிறவர்களையும் சபைக்குப் புறம்பாக்கினார். அவரும் ஒரு நாள் நல்லவராகத்தான் தொடங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த நாற்காலியில் நானும் ரொம்ப நாள் உட்கார்ந்துவிட்டவன் என்பதால் சொல்கிறேன்.

ஆள் தேடும்போது மேடைப் பக்கம் பார்க்காதீர்கள். ஜட்சன் அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறையில் இருந்தபோது அவருடைய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து அனுப்பினார். கைதிகளை வேறு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனபோது தலையணை குப்பையில் விழுந்தது. மவுங் இங் என்ற விசுவாசி, ஐயாவின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அதை எடுத்துக்கொண்டு போய் வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பிரதி அப்படியே தப்பியது. கூட்டம் முடிந்தபின் நாற்காலி அடுக்குகிறவர், மழையில் நனையாமல் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி வைக்கிறவர், இவர்களைப் பாருங்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வீடுகளுக்குப் போங்கள், எண்ணும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். தப்பு செய்ய விடுங்கள்.

போன வருஷக் கடைசியில் நான் பொருளாளர் பொறுப்பை விட்டேன். எடுத்துக்கொண்டது ஓய்வுநாள் பள்ளியில் என்னிடம் படித்த பெண். நோட்டு, ரசீதுப் புத்தகம், அலமாரிச் சாவி எல்லாவற்றையும் மேஜையில் வைத்து, ஒப்படைப்புத் தாளையும் நீட்டினேன். அவள் பேனாவை எடுக்கவில்லை. "மாமா, அலமாரியைத் திறந்து எண்ணிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது. இருபது வருஷம் வைத்திருந்த சாவி. சரி என்று உட்கார்ந்தேன். மேஜை விரிப்பு மூன்று, காணிக்கைப் பை நான்கு. இராப்போஜனக் கிண்ணங்கள் 48 என்று நான்தான் முன்பு எழுதியிருந்தேன். இரண்டு தடவை எண்ணினோம், 47 தான் இருந்தது. "ஒன்று குறைகிறது" என்று பர்மிய எழுத்தில் எழுதி, அதன் கீழேயே தமிழிலும் எழுதினாள். அதன் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.